உத்தரவு தராத கிடா

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டால் எங்கள் பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும் பயம். எனக்கு அது பிடிக்காது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனுஷன் தானாக எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, "ஏ புள்ள, பசிக்குது, என்ன இருக்குது?" என்று கேட்கிறார். ஓடிப்போய்ச் சோறு போட வேண்டாமா? அம்மாவோ அகப்பையைக் கையில் பிடித்தபடி அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவள் என்ன பொம்பளை என்று எனக்கு ஆத்திரமாக வரும். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். மழையெல்லாம் கொல்லிமலையோடு நின்றுவிடும். அங்கே பெய்வதை இங்கிருந்து பார்க்கிற பாக்கியம் மட்டும் எங்களுக்கு. மானாவாரிக் காடு கொஞ்சம் இருந்தது, அது பேருக்கு. கிணற்றோடு இருந்த தோட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா படுத்துக்கொள்ளும் மாதங்களில் சித்தப்பா அதில் ஏர் ஓட்டித் தண்ணீர் பாய்ச்சுவார். அவர் அப்பாவின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், அதிகம் பேசாத உழைப்பாளி. அம்மா களையெடுப்பாள், பருத்தி எடுப்பாள், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பாள், வந்து களி கிண்டுவாள்.

அப்பா படுத்திருந்தது பருத்தி போட்டு வைக்கிற அறையில். சித்திரை வெயிலில் கழுத்து வரை கம்பளியைப் போர்த்தியிருப்பார். தட்டில் வைத்த களி உருண்டை அப்படியே காய்ந்து வெடித்துப் போகும். தாடி வளர்ந்து கிடக்கும். கூப்பிட்டால் பதில் வராது. சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வழியும், அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கை எழாது. ஊரில் சிலர் சோம்பேறித்தனம் என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். அந்த மாதங்களில் கிணற்றுச் சேந்துகயிறு எங்கள் வீட்டில் இருக்காது. சித்தப்பா வீட்டில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கயிற்றை வாங்கி வந்து, தண்ணீர் சேந்தியதும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நம் கயிற்றை ஏன் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டு அம்மாவிடம் ஒரு தடவை அடி வாங்கினேன்.

எழுந்துவிட்டாலோ, அப்பா போல ஒருவர் இந்த உலகத்தில் கிடையாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்கு நடப்பார். வழியில் பார்ப்பவர்களையெல்லாம் நிறுத்திப் பேசுவார். கை நிறைய வளையல், வாய் நிறைய முறுக்கு. பாடுவார், கோழி கூப்பிடுமுன் எழுந்து எருதுக் கொம்புக்குச் சாயம் பூசுவார். தூக்கமே வேண்டியதில்லை அவருக்கு. ஒரு தடவை கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் குதிரையோடு திரும்பி வந்தார். குதிரை ஏருக்கும் ஆகவில்லை, வண்டிக்கும் ஆகவில்லை. ஒரு போர் சோளத்தட்டைத் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் நாமக்கல்லில் ஒரு ஜட்காக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. எனக்கு அந்தக் குதிரை போனதில்தான் வருத்தம். மோருக்கு வழியில்லாமல் போனதை நான் எங்கே கண்டேன்! இன்னொரு தடவை ஒரு விசேஷமும் இல்லாத எங்கள் வீட்டுக்கு மேளக்காரர்களைக் கூட்டி வந்துவிட்டார். அவர்களும் வந்ததற்கு வாசித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் கோபம் வந்து சட்டியைத் தூக்கி அடித்ததும், சித்தப்பாவைக் கன்னத்தில் அறைந்ததும் இதே நாட்களில்தான். அதை நான் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, வளையல்தான் நினைவில் இருந்தது.

நான் சொல்லவந்த வருஷத்தில், அப்பாவின் அக்கா ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். எனக்கு அத்தை. ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் அவள் சொல்படிதான். எங்கள் காட்டு முனியப்பனுக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, "எந்தம்பி எந்திரிச்சு நடமாடுனா இந்தக் கெடா ஒனக்கு" என்று விட்டிருந்தாள். நல்ல கறுப்புக் கிடா. வளர்த்தது நானும் அம்மாவும்.

ஐப்பசி முடியும்போது அப்பா எழுந்தார். சேதி கேட்டு அத்தை வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தம்பி தலையைத் தடவி, திருஷ்டி கழித்து, நாள் குறித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "புருசன் எந்திரிச்சு ஒக்காந்தா பொண்டாட்டிக்கு மொகஞ் சுண்டுது. இது எங்கயாச்சும் உண்டா?" என்றாள். அத்தை சொன்னது சரிதான் என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு அந்தத் தடவை பிடித்தது பஸ். ஜெர்மன்காரன் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் உலை வைத்துக் கரியைப் போட்டுப் புகைய விட்டு ஓட்டுவார்கள். அதை நாமக்கல் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், தோட்டத்தை விற்று பஸ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு பஸ் போதாதாம், மூன்று வேண்டுமாம். கரிக்கு என்ன பஞ்சம், நம் காட்டு வேலமரமே போதும் என்றார். மூன்றாவது பஸ்ஸுக்கு என் பெயரை வைப்பதாகச் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தோட்டத்துக்கு ஆளும் கிடைத்துவிட்டார். ஆத்தூர் மண்டிக்காரர் ஒருவர் கிடா வெட்டுக்கே வந்து, சாமி முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. வெற்றிலை மாற்றிவிட்டால் அப்புறம் பத்திரம் எழுதுவதெல்லாம் பேருக்குத்தான். எங்கள் பக்கம் பேச்சு மாறினால் மானம் போய்விடும்.

அன்றைக்கு அம்மா சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒங்க அண்ணங்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லோணுங்க. தோட்டம் போச்சுன்னா நாங்க எங்க போறதுங்க?"

சித்தப்பா மண்வெட்டிக் காம்பைச் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அண்ணன் நல்லாத்தான இருக்குது? படுத்திருந்தப்பவும் அழுதீங்க, எந்திரிச்சாலும் அழுவுறீங்க."

"நல்லா இல்லீங்க. இதுவும் நோவுதானுங்க."

"சிரிச்சுட்டு நடக்கற மனுசன நோவாளின்னு நான் எப்படிங்க ஊருக்குள்ள சொல்றது? கெடா வெட்டு ஆகட்டும். சாமியே உத்தரவு குடுத்துப்போட்டா நாம ஆருங்க தடுக்கறதுக்கு?"

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் எதையோ யோசித்தபடியே வந்தாள்.

சித்தப்பா சொன்ன உத்தரவு என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிச் சிலிர்க்க வேண்டும். அதைத் துலுக்கு என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, நேர்ச்சை முடிந்தது, நோவாளி தேறிவிட்டான். துலுக்காத கிடாயை எவனும் தொட மாட்டான். உத்தரவு கிடைக்காத வீட்டில் மறு நேர்ச்சை வரைக்கும் நிலம் விற்பது வாங்குவது, கல்யாணம் காட்சி, எதையும் தொடங்கக் கூடாது. ஊர்க் கட்டு அது. ராஜாவே வந்தாலும் மீற முடியாது.

கிடா வெட்டு அன்று காலை நான் எழுந்து வந்தபோது, அம்மா பட்டிக்குள் உட்கார்ந்து கிடாய்க்கு விளக்கெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ஆமணக்குக் கொட்டமுத்தை இடித்துக் காய்ச்சி வைத்திருந்த எண்ணெய், பாகு மாதிரி இருக்கும். மயிரை விலக்கி விலக்கித் தோல்வரைக்கும் தேய்த்தாள். முதுகு, பிடரி, காது மடலின் உள்பக்கம், ஓர் இடம் விடவில்லை. அதற்கு மேல் மஞ்சளைக் குழைத்து அப்பினாள். நேர்ந்த கிடாய்க்கு மஞ்சள் பூசுவது வழக்கம்தான். எண்ணெயை நான் கண்டதில்லை.

"எண்ணெ எதுக்கும்மா?"

"மினுமினுன்னு இருக்கட்டும் சாமி. ஒறம்பரை எல்லாம் பாக்குமல்ல."

என்னை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள். கிடாயின் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வளர்த்த கிடா சாகப்போகிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் அழுகை வந்தது. ஆனால் அப்பாவுக்குத் தேறினால் போதும் என்று துடைத்துக்கொண்டேன்.

கோயில் என்றால் ஒரு பாலைமரத்தடி, நட்ட வேல்கள், கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் மண் முனியப்பன், அவ்வளவுதான். ஒறம்பரை என்று அம்மா சொன்ன உறவெல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. மண்டிக்காரர் கோட்டும் குடையுமாக, மரத்தடியில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டும் பக்கத்தில் இருந்தது. ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு அப்பா ஓடிக்கொண்டிருந்தார். பறையடிப்பவரிடமிருந்து குச்சியை வாங்கித் தானே அடித்துக் காட்டினார். கிழவர்களைக் கட்டிப் பிடித்தார். அடுப்பில் அண்டா கொதித்தது. மசாலா அரைத்து உருட்டி வைத்திருந்தார்கள். கறி வர வேண்டியதுதான் பாக்கி.

பூசாரி தீபம் காட்டிவிட்டு, கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். கிடா வாயில் இருந்த வேப்பிலையை அசை போட்டது. ஒரு செம்பு முழுக்க ஊற்றினார். தண்ணீர் வழுக்கிக்கொண்டு கீழே ஓடிவிட்டது. கிடா பூசாரியை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவே. மேளம் தடுமாறி நின்றது.

அத்தை கும்பிட்டு விழுந்தாள். "குத்தங் கொறை இருந்தா பொறுத்துக்கய்யா! எந்தம்பிக்கு உத்தரவு குடு சாமி!" கூட்டமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, துலுக்கு, துலுக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ துலுக்காவிட்டால் அப்பா பழையபடி பருத்தி அறைக்குப் போய்விடுவார், மூன்றாவது பஸ்ஸும் போய்விடும். பாழாய்ப்போன கிடாயே, துலுக்கேன். அதுவோ வாலைக்கூட ஆட்டவில்லை.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செம்பக் குடுய்யா இங்க! ஒழுங்காத் தண்ணி ஊத்தத் தெரியாத ஆளெல்லாம் பூசாரி!" என்று பிடுங்கி, தானே ஊற்றினார். ஊற்றியபடி இடது கையால் கிடாயின் முதுகை அழுத்தித் தேய்த்தார். தேய்த்த கை நின்றது. விரல்களைச் சேர்த்து உரசிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கி, பொம்பளைகள் நின்ற பக்கம் பார்த்தார். அங்கே அம்மா முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டு நின்றிருந்தாள். எப்போதும் அவர் முறைத்தால் தலையைக் குனிந்துகொள்கிறவள் அன்று குனியவில்லை. அப்பா யாரையோ அடிக்கப்போகிறார், பூசாரிக்குத்தான் இன்றைக்கு விழப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அப்பா குனிந்து ஒரு பிடி திருநீற்றை அள்ளினார். இரண்டு கையிலும் வழித்து வழித்துத் தேய்த்தார், எண்ணெய் போகிற வரைக்கும். எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாமி உத்தரவு தரலீங்க. இந்த வருசம் வேண்டாங்குது."

மண்டிக்காரர் எழுந்தார். "அப்ப நம்ம பேச்சு?"

"நாம பேசி என்னங்க ஆகுது? முனியப்பன் வேண்டாங்கறான். தோட்டம் இப்ப இல்லீங்க." சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய மற்றச் சிரிப்பு மாதிரி இல்லை. விவரம் தெரியாத வயசில் இருந்த எனக்கே அதைப் பார்த்து அழுகை வந்தது.

வந்த உறவுக்கெல்லாம் கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும். கறிச்சோற்றுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து கத்தரிக்காய் தின்றுவிட்டுப் போவதாக, ஒரு பெரியப்பா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிடாயோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். தழை போடும் வேலையையும் அம்மாவிடம் தள்ளிவிட்டேன்.

அதனால் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அவர் கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவின் வெள்ளித் தண்டையைக் கழற்றி, வழியில் போன ஒரு பண்டாரத்துக்குக் கொடுத்தார். சித்தப்பாவோடு வேலித் தகராறு இழுத்தார். மாசியில் ஒரு நாள் பேச்சுக் குறைந்தது, மறுநாள் சோறு குறைந்தது, பிறகு கம்பளியை எடுத்துக்கொண்டு பருத்தி அறைக்குப் போய்விட்டார். சேந்துகயிறு மறுபடி சித்தப்பா வீட்டுக்குப் போனது. தோட்டம் மட்டும் இருந்தது. அம்மா அதில் களையெடுத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. முதுகு அப்போதே வளைந்துவிட்டது. உட்கார்ந்தால் எழும்ப ஒரு கையை ஊன்றுவாள்.

என் கடைசி மகனைப் பல வருஷங்களுக்குப் பிறகு சேலத்துக்கு, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவனும் ஒரு வாரம் தூங்காமல் சிரித்துக்கொண்டே இருந்து, வீட்டுப் பாத்திரம் பண்டத்தையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தவன்தான். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். மனம் மேலே ஏறுவதும் கீழே விழுவதும் இரண்டு வியாதி இல்லையம்மா, ஒன்றுதான் என்றார். ஏறுகிறபோது வீட்டார் குணமாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்துபோவார்கள், அப்போதுதான் கவனம் வேண்டும் என்றார். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். நான் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்துக்கூட்டத் தெரியாதவள், இதையே சித்தப்பா வாசலில் நின்று ஒரே வரியில் சொன்னாள், கேட்கத்தான் ஆளில்லை. என் மகனுக்கு மாத்திரை இருக்கிறது. அவளிடம் ஒரு கிடாய்தான் இருந்தது. எண்ணெய் பூசினால் கிடா துலுக்காமல் இருக்குமா, அன்றைக்கு அது தானாகத்தான் சும்மா நின்றதா, இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது எனக்கும் அவளைப் போலவே அலுப்பாக இருந்தது. அவளிடம் சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் கிடாயை யாரும் வெட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நாள் குறிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அது துலுக்காது. கிழடாகி, பல் கொட்டி, தானாகத்தான் செத்தது. ஆனால் என் மனசில் நிற்பது அந்த முதல் கிடா வெட்டு நின்றுபோனதற்கு அடுத்த வருஷம் நடந்த ஒன்று.

அப்பா அப்போதும் படுத்திருந்தார். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் பட்டிப் பக்கம் பேச்சு கேட்டுப் போய்ப் பார்த்தேன். தாடியும் கம்பளியுமாக அப்பா அங்கே நின்றிருந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம். எதிரே அம்மா, சாணிக் கையோடு. அப்பா கிண்ணத்தை நீட்டினார்.

"அக்கா வந்து நாள் குறிக்கறதுக்குள்ள பூச ஆரம்பிச்சுரு புள்ள. நல்லா ஊறட்டும்."

அம்மா வாங்கவில்லை. அவர் கண்ணையே பார்த்தாள், அகப்பையோடு நின்று பார்ப்பாளே, அந்த மாதிரி.

"மூணு நாளாத் தூக்கமில்ல புள்ள," என்றார் அப்பா. "வருது."

அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அப்பா மண்டியிட்டுக் கிடாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அம்மா மயிரை விலக்கித் தேய்க்கத் தொடங்கினாள். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

"ஆரும்மா வருது?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல், "ஒறம்பரை, சாமி" என்றாள். "போயி மொகங் கழுவு."

நான் முகம் கழுவி, தலையை நானே வாரிக்கொண்டு, போன வருஷத்து வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டு, வண்டித்தடத்துக்கு ஓடினேன். சேந்தமங்கலத்துப் பக்கமாக ஏதாவது வண்டி வருகிறதா என்று வெயில் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.